ஆக்லாந்தின் சிறுகடைகள்: கல்லாப்பெட்டிக்கும் கணினிக்கும் யார் காவல்?

நியூசிலாந்தின் மிகப்பெரிய நகரமான ஆக்லாந்தில் தெருமுனைக் கடைகளை 'டெய்ரி' என்று அழைப்பார்கள். பால், ரொட்டி, பத்திரிகை, சிகரெட் ஆகியவற்றை விற்கும் இக்கடைகளில் பெரும்பாலானவற்றை இன்று நடத்துவோர் குடியேறிய ஆசியக் குடும்பங்களே. காலை முதல் இரவு வரை ஓரிருவர் மட்டுமே நிற்கும் இக்கடைகளின் பாதுகாப்பு, கடந்த சுமார் இருபது ஆண்டுகளாக அந்நாட்டு அரசியலில் திரும்பத் திரும்ப எழும் கேள்வியாக இருந்து வருகிறது.

2008 ஜூன் மாதம், தெற்கு ஆக்லாந்தின் மனுரேவா பகுதியில் மதுக்கடை உரிமையாளர் ஒருவர் கொள்ளையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். காயமடைந்து கிடந்த அவரிடம் மருத்துவ உதவி சென்றடைவதில் ஏற்பட்ட தாமதத்திற்காகப் பொலிசார் பின்னர் அதிகாரபூர்வ விசாரணையில் குறைகூறப்பட்டனர். 2014 ஜூன் மாதம், மேற்கு ஆக்லாந்தின் ஹெண்டர்சனில் கடைக்காரர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். குத்தியவர் 13 வயதுச் சிறுவன்.

2022 நவம்பர் 23ஆம் தேதி, தெற்காசியக் கடைகளும் உணவகங்களும் நிறைந்த சண்ட்ரிங்கம் பகுதியில் மற்றொரு உயிர் பறிபோனது. பணப்பெட்டியுடன் வெளியேறிய கொள்ளையரைத் தொடர்ந்து சென்ற கடை ஊழியர், தெருவில் வைத்துக் கத்தியால் குத்தப்பட்டார். அப்போதைய பிரதமர் ஜெசிண்டா ஆர்டனின் சொந்தத் தொகுதியில் நடந்த இக்கொலை, கடைக்காரர்களை நாடெங்கும் வீதிக்கு இறக்கியது.

புகையும் பூட்டும்

கொலை நடந்து ஐந்தே நாட்களில் அரசு உதவித் திட்டம் ஒன்றை அறிவித்தது. 'ஃபாக் கேனன்' எனப்படும் புகைக்கருவியைப் பொருத்த விரும்பும் சிறுகடை ஒவ்வொன்றுக்கும் 4,000 நியூசிலாந்து டாலர் மானியம் வழங்கப்படும் என்பதே அது. பொத்தானை அழுத்தியதும் இக்கருவி சில நொடிகளில் கடையை அடர்த்தியான வெண்புகையால் நிரப்பிவிடும். புகை உடலுக்குத் தீங்கற்றது. ஆனால் கண் தெரியாத இடத்தில் திருடர் நிற்க விரும்புவதில்லை என்பதே இதன் அடிப்படை.

இவ்வகைக் கருவிகள் பயன் தருபவையே. எனினும் கடையில் திருடத் தூண்டும் பொருள் எது என்ற கேள்வியை அவை தொடுவதில்லை. பொதுச் சுகாதார நோக்கில் 2010க்கும் 2020க்கும் இடையே புகையிலை வரி ஏறத்தாழ ஆண்டுதோறும் பத்து சதவீதம் உயர்த்தப்பட்டது. இதனால் ஒரு சிகரெட் அலமாரி, பணப்பெட்டியைவிட மதிப்புமிக்கதாகிவிட்டது. புகையிலை விற்கும் கடைகளைச் சுமார் 6,000 என்ற எண்ணிக்கையிலிருந்து 600 ஆகக் குறைக்க வழிசெய்யும் சட்டம் 2022 டிசம்பரில் நிறைவேறியது. அடுத்து வந்த அரசு 2024 பிப்ரவரியில் அதை ரத்துச் செய்தது. அரசின் வரிக்கொள்கை உருவாக்கிய ஆபத்தை, சிறுகடைக்காரரே தமது மேசைக்குப் பின்னால் சுமக்கிறார்.

துரத்துவதா, விட்டுவிடுவதா?

1961ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின்படி, ஆயிரம் டாலருக்குக் குறைவான பொருளைப் பகலில் திருடுபவரைத் தடுத்துப் பிடிக்கும் சாதாரணக் குடிமகனுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை. இந்த வரம்புகளை நீக்கப்போவதாக நீதி அமைச்சர் பால் கோல்ட்ஸ்மித் 2025 பிப்ரவரியில் அறிவித்தார். ஆனால் சில்லறை வணிகர்களின் அமைப்பான 'ரீட்டெய்ல் என்இசட்' இதை எதிர்த்தது. ஊழியர்கள் காயமடைவார்கள், உயிரிழக்கவும் கூடும் என்பது அதன் வாதம்.

உழைத்துச் சேர்த்த பணம் கண்முன்னே பறிபோகும்போது கைகட்டி நிற்பது எளிதல்ல. ஆயினும் சண்ட்ரிங்கம் சம்பவம் காட்டுவது, துரத்தும் உரிமையைவிடத் துரத்தத் தேவையற்ற நிலையே முக்கியம் என்பதைத்தான். பெட்டியில் குறைந்த அளவு பணமே வைத்திருப்பது, அதிகப் பணத்தை அவ்வப்போது அகற்றுவது, வெளியிலிருந்து கடையின் உட்புறம் தெரியும்படி கண்ணாடியை மறைக்காமல் விடுவது, இரவில் ஒருவரைத் தனியே நிறுத்தாமலிருப்பது ஆகியவை அந்நிலையை நோக்கிய வழிகள். இவற்றில் கடைசியானது, சம்பளம் கொடுக்க இயலாத கடைக்கு மிகக் கடினமானது என்பதையும் மறுப்பதற்கில்லை.

திரைக்குப் பின்னால் ஒரு கதவு

இதற்கிடையே அதே கடைக்கு மற்றொரு வாசலும் திறந்திருக்கிறது. திருட்டைக் கண்காணிக்கப் பொருத்தப்படும் கமெராக்கள் இன்று இணையத்துடன் இணைக்கப்படுகின்றன. 2016இல் பரவிய 'மிராய்' என்ற தீய மென்பொருள், தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கமெராக்களையும் ஒளிப்பதிவுக் கருவிகளையுமே கைப்பற்றி, பெரும் இணையத்தளங்களை முடக்கப் பயன்படுத்தியது. காவலுக்கு வைத்த பொருளே கள்ளனுக்குக் கருவியானது.

சிறுவணிகரை அதிகம் பாதிக்கும் இணைய மோசடிகள் பெரும்பாலும் எளியவை. வழக்கமான மொத்த விற்பனையாளரின் பெயரில், வங்கிக் கணக்கு எண் மட்டும் மாற்றப்பட்ட ஒரு பற்றுச்சீட்டு மின்னஞ்சலில் வருகிறது. நியூசிலாந்து வங்கிகள் நெடுங்காலம் கணக்கு எண்ணை மட்டுமே பார்த்தன. பெயரும் எண்ணும் பொருந்துகின்றனவா எனச் சரிபார்க்கும் முறையை அவை 2024 இறுதியிலிருந்தே படிப்படியாகக் கொண்டுவந்தன. கணக்கு எண் மாறியதாகத் தகவல் வந்தால், ஏற்கனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்பதே செலவற்ற பாதுகாப்பு.

கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தாக்குதலுக்கும் ஒரு முன்னெச்சரிக்கை உண்டு. கணக்குகளின் பிரதி ஒன்றை, கணினியுடன் இணைக்கப்படாத தனிக் கருவியில் வைத்திருப்பதே அது.

சட்டப் பொறுப்பும் உண்டு. 2020 டிசம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தனியுரிமைச் சட்டம், ஒற்றைக் கடைக்கும் பொருந்தும். வாடிக்கையாளர் தகவல் கசிந்து கடுமையான தீங்கு நேரக்கூடுமானால், தனியுரிமை ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் 10,000 டாலர் வரை அபராதம். கமெராவில் பதியும் முகங்களும் இச்சட்டத்தின் கீழ் தனிப்பட்ட தகவல்களே.

பெட்டியில் குறைவான பணமும் தனியே வைத்த பிரதியும் ஒரே சிந்தனையின் இரு வடிவங்கள். திருட்டை முற்றாகத் தடுக்க இயலாது. ஆனால் அது உயிரையோ தொழிலையோ கொண்டுபோகாமல் தடுக்க இயலும். அதற்கான செலவில் எவ்வளவு கடைக்காரருடையது, எவ்வளவு அரசினுடையது என்பதே ஆக்லாந்தில் இன்னமும் தீராத கேள்வி. விரும்பும் சிறுகடை ஒவ்வொன்றுக்கும் புகைக்கருவி மானியம் கிடைக்க ஓர் உயிர் பலியாக வேண்டியிருந்தது. கணினி வழியாகத் தொழிலை இழப்பவருக்காக எவரும் வீதியில் இறங்குவதில்லை.