உலோகப் பளபளப்பு (டிஜிட்டல் ஆடை வடிவமைப்பு)

ஜரிகை, லாமே எனும் உலோக இழைத் துணி, சமிக்கி, உலோகப் பூச்சுத் துணி ஆகியவற்றின் மினுக்கத்தைக் கணினித் திரையில் வண்ணங்களால் தோற்றுவிப்பது டிஜிட்டல் ஆடை வடிவமைப்பில் உலோகப் பளபளப்பு வரைதல் எனப்படுகிறது. பொன்னிறம் ஒன்றைத் தேர்ந்து பார்டரை நிரப்பினால் கடுகு நிறத் துணிதான் கிடைக்கும். திரையில் பொன் தெரிவது வெளிச்சமும் இருளும் எப்படி அடுத்தடுத்து நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. நிறத்தின் பங்கு அதற்கு அடுத்ததே.

இதற்கு அடிப்படை இயற்பியலில் இருக்கிறது. பருத்தித் துணிக்குள் புகும் ஒளி சிதறி எல்லாத் திசைகளிலும் வெளிவருவதால், அதன் நிறம் எங்கிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். உலோகத்துக்குள் புகும் ஒளியையோ எலக்ட்ரான்கள் விழுங்கிவிடுகின்றன. கண்ணுக்கு எட்டுவது மேற்பரப்பு திருப்பி அனுப்பியது மட்டுமே. பொன் சிவப்பு ஒளியில் 90 விழுக்காட்டுக்கு மேல் எதிரொளித்து, நீல ஒளியில் 40 விழுக்காட்டுக்கும் குறைவாகத் திருப்புவதால் அதன் மினுக்கமே மஞ்சளாகிறது. எதிரே இருட்டு இருந்தால் பொன்னும் இருண்டுபோகும். பளபளக்கும் உலோகத்தில் கருமைக்கு ஒட்டிய நிழலை அஞ்சாமல் வைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

துணி என்று வரும்போது சிக்கல் கூடுகிறது. ஒவ்வொரு மடிப்பின் முகடும் குவியாடி போல, அறையின் சன்னலையும் இருண்ட மூலையையும் மெல்லிய கீற்றாகச் சுருக்கிக் காட்டும். லாமே துணியில் வெள்ளைக் கீற்றின் அருகிலேயே ஆழ்ந்த பழுப்பு வருவது அதனால்தான். இரண்டுக்கும் நடுவே மெல்ல மாறும் கிரேடியண்ட் இட்டால் துணி சாட்டின் ஆகிவிடும். அசல் பட்டு ஜரிகையில் பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றப்பட்டுப் பொன்முலாம் ஏற்றப்பட்டிருக்கும். இழைகள் இணையாக ஓடுவதால் மினுக்கம் வட்டப் புள்ளியாக விழாமல், இழைக்குக் குறுக்கே நீள்கிறது. தலைமுடியின் பளபளப்பும் இப்படித்தான் விழும். ஊடையில் ஓடும் ஜரிகைக்கும் பாவில் ஓடும் ஜரிகைக்கும் பிரஷ்ஷின் திசை மாற வேண்டும். காஞ்சிபுரப் பட்டின் பார்டரை வரைபவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. படம் தகரமாகத் தோன்ற இது போதும்.

முப்பரிமாண மென்பொருள் இதையெல்லாம் தானே கணக்கிடுகிறதே, கையால் வரையும் அறிவு எதற்கு என்று கேட்கலாம். கணக்கீடு உண்மைதான்: திசை சார்ந்த எதிரொளிப்புக்குக் கணினி வரைகலை ஆய்வாளர் கிரெக் வார்ட் 1992இல் ஒரு மாதிரியைத் தந்தார், டிஸ்னியின் பிரென்ட் பர்லி 2012இல் விளக்கிய மாதிரியில் உலோகத்தன்மை ஒரே அளவுருவாக அமைந்தது. ஆனால் எந்த அறையை, எந்த விளக்கை எதிரொளிக்க வைப்பது என்பதை வடிவமைப்பாளர்தான் முடிவு செய்கிறார். வெறுஞ்சாம்பல் சூழலில் வைத்த பொன்னாடை எந்த மென்பொருளிலும் மங்கலாகவே வரும்.

ஆடை ஓவியம் குறிப்புப் படம்தானே, அடையாளமாக மஞ்சள் போதாதா என்ற வாதம் இதைவிட வலுவானது. விரைவான முதல் வரைவுக்கு அது சரி. துணி தேர்வுக்கும் வாடிக்கையாளர் ஒப்புதலுக்கும் போகும் படத்தில், ஜரிகையா மஞ்சள் நூலா என்று தெரியாவிட்டால் தவறான துணி வாங்கப்படும். பொன்னை நிறத்தால் காட்டும் எண்ணம் பழையது: இத்தாலிய மறுமலர்ச்சி அறிஞர் ஆல்பர்டி 1435இல் எழுதிய ஓவிய நூலில், பொன் அணிந்த காவிய அரசி டைடோவை வரைந்தாலும் பொன் தகட்டை ஒட்டாமல் வண்ணங்களால் காட்டுவதே ஓவியனுக்குப் பெருமை என்றார். உண்மைத் தகடு ஒளிர வேண்டிய இடத்தில் இருண்டுவிடுகிறது என்பதையும் அவர் கவனித்திருந்தார். தகடே இல்லாத திரைக்கு அவர் சொன்னது இன்னும் பொருந்தும்.

பயில்பவர்கள் முதலில் சாம்பல் அளவுகளில் மட்டும் வரைந்து பார்க்கலாம். மடிப்புகள் அந்நிலையிலேயே வெள்ளியாகத் தெரிந்தால், மேலே ஒரு லேயரில் பொன்னிறம் ஏற்றினால் போதும்.