முப்பது சொச்சம் பச்சோந்திகளும் ஒரு கொல்லைப்புறமும்

பச்சோந்தி என்றதும் நம்ம ஊரில் முதலில் ஞாபகம் வருவது கட்சி மாறும் அரசியல்வாதிதான் :-) நான் சொல்லப்போவது நிஜப் பச்சோந்தி. அதிலும் மலைப் பச்சோந்தி.

ஜாக்சன் பச்சோந்தி கென்யா, தான்சானியா மலைகளில் வாழ்வது. 1896ல் பூலாஞ்சர் என்ற விலங்கியலாளர், பின்னாளில் உகாண்டாவின் ஆளுநராக இருந்த ஃபிரெடரிக் ஜாக்சன் பெயரை இதற்குச் சூட்டினார். ஆண் பச்சோந்தியின் முகத்தில் மூன்று கொம்புகள் இருக்கும். பிறகென்ன, பார்த்தவர்களுக்கெல்லாம் வளர்க்க ஆசை வந்துவிட்டது!

ஆனால் வாங்கியவர்கள் கையில் பெரும்பாலும் சீக்கிரமே செத்துப்போனது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்ற நினைப்பில் கண்ணாடித் தொட்டிக்குள் அடைத்து, மேலே விளக்கைப் போட்டு, கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தார்கள். மூன்றுமே தப்பு. இது வாழும் மலைகளில் பகல் இதமாக இருக்கும், இரவு நன்றாகக் குளிரும். இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும்தான் குடிக்கும், கிண்ணத்தில் தேங்கிய நீரைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. நம்ம சமவெளிப் பச்சோந்தி மண்ணைத் தோண்டி முட்டையிடும். இது முட்டைகளை ஏறத்தாழ ஆறு மாதம் வயிற்றிலேயே சுமந்து, குட்டிகளாக ஈனும். குளிர்ந்த மலை மண்ணில் முட்டை பொரிப்பது கஷ்டம், அதனால் தாயே வெயிலில் காய்ந்து உள்ளே இருப்பவற்றுக்குச் சூடு கொடுக்கிறது என்பது விளக்கம்.

இனி கதைக்கு வருவோம். 1972ல் ஹவாயின் ஒவாஹு தீவில், கனியோஹே என்ற ஊரில் செல்லப்பிராணிக் கடை வைத்திருந்த ஒருவர் கென்யாவிலிருந்து முப்பது சொச்சம் பச்சோந்திகளை வரவழைத்தார். வந்து சேர்ந்தபோது எல்லாம் வற்றி மெலிந்து கிடந்தன. கொஞ்சம் தேறட்டும் என்று தன் கொல்லைப்புறத்தில் விட்டார். தேறின.. தேறியதோடு நிற்கவில்லை, பரவியும் விட்டன! கனியோஹே தீவின் மழை பெய்யும் பக்கம். கென்ய மலையளவு குளிர் கிடையாது, ஆனால் கடுஞ்சூடும் கிடையாது. ஈரக்காற்று, செடிகொடி, சொட்டும் தண்ணீர் எல்லாம் இருந்தன. கூண்டில் கிடைக்காதது அத்தனையும் அங்கே கிடைத்தது.

1981ல் கென்யா ஏற்றுமதியை நிறுத்தியது. அப்புறம் அமெரிக்கக் கடைகளுக்குப் பச்சோந்தி போனது ஹவாயிலிருந்துதான்! இன்று அங்கே வளர்க்கப்படும் ஜாக்சன் பச்சோந்திகளில் பெரும்பாலானவை அந்தக் கொல்லைப்புறத்தின் வாரிசுகள். வளர்ப்பவர்களும் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார்கள். கண்ணாடித் தொட்டி போய் நாலாபுறமும் காற்று வரும் வலைக்கூண்டு வந்தது. சொட்டுநீர், உள்ளே உயிருள்ள செடி, இரவில் விளக்கை அணைத்துக் குளிர விடுவது எல்லாம் வழக்கமாயின. ஒரு கூண்டுக்கு ஒன்றுதான். இரண்டு ஆண்கள் என்றால் கொம்போடு கொம்பு மோதிக்கொள்ளும்.

இங்கே முடிந்திருந்தால் நல்ல கதை. ஹவாயில் இயற்கையாகத் தரையில் வாழும் ஊர்வன ஒன்றுகூடக் கிடையாது. அங்குள்ள நத்தைகளுக்கும் பூச்சிகளுக்கும் இப்படி ஓர் எதிரியே பழக்கமில்லை. ஒவாஹு காடுகளில் அகாட்டினெல்லா என்ற அழகான மர நத்தைகள் உண்டு. வளர்ந்து முதிரவே பல வருடம், குட்டிகளும் கொஞ்சம்தான். 1981லேயே, அதாவது கென்யா ஏற்றுமதியைத் தடுத்த அதே வருடம், அமெரிக்க அரசு இவற்றை அழியும் உயிரினமாக அறிவித்தது. பச்சோந்தி இவற்றைத் தின்கிறதா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 2010ல் வெளியான ஆய்வில், பிடிபட்ட ஜாக்சன் பச்சோந்திகளின் வயிற்றை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே அகாட்டினெல்லா ஓடுகள் இருந்தன.