பீரங்கியின் வெளிச்சமும் ஓசையும்: மதராஸில் நடந்த ஓர் அளவீடு



ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நம் சேவூர், ஆரணி வட்டாரத்தில் இடி இடித்தால், தறியில் அமர்ந்திருப்போரும் ஒரு கணம் நாடாவை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பர். முதலில் மின்னல் தெரியும். சற்றுப் பொறுத்தே முழக்கம் கேட்கும். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் பிறந்தவை. ஒன்று முந்தி வருகிறது, மற்றொன்று பிந்தி வருகிறது. இடியின் பெயரையே தாங்கிய அர்-ரஃது என்ற அத்தியாயம் திருமறையில் உண்டு. மின்னலை அச்சத்திற்கும் ஆசைக்கும் உரிய அத்தாட்சியாக அது நமக்குக் காட்டுகிறது.

இந்த இடைவெளியைப் பற்றி மதரஸா மாணவர்கள் கேட்கும் கேள்விகள் பல. ஒலியை ஒளியோடு சேர்த்துவிட்டால் அதுவும் ஒளியின் வேகத்தில் செல்லுமா? ஒளியை முந்தக்கூடியது எதுவும் உண்டா? மிஃராஜ் இரவின் புராக் ஒளியினும் விரைந்ததா? இவற்றுக்கு விடை தேடும் முன், நம் மாநிலத்தின் தலைநகரிலேயே நடந்த ஒரு வரலாற்றை அறிந்துகொள்வது நலம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் 1792ஆம் ஆண்டு மதராஸ் நுங்கம்பாக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அக்கூடத்தின் வானியலாளராக இருந்தவர் ஜான் கோல்டிங்காம். இன்று ராஜாஜி மண்டபம் என அழைக்கப்படும் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே.

அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நேரம் அறிவிப்பதற்காகக் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது வழக்கம். கெய்ரோ போன்ற நகரங்களில் நோன்பு திறக்கும் நேரத்தைப் பீரங்கி ஓசையால் அறிவித்த மரபை நாம் அறிவோம். மதராஸ் மக்களுக்கு அது வெறும் நேரக்குறிப்பு. கோல்டிங்காமுக்கோ அது ஓர் ஆய்வுக் கருவியாயிற்று. வானாய்வுக்கூடத்திலிருந்து கோட்டை சுமார் 4 கி.மீ. தொலைவிலும், பரங்கிமலை சுமார் 9 கி.மீ. தொலைவிலும் உள்ளன. பீரங்கியின் வெளிச்சம் கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்கி, ஓசை காதில் விழும்வரை எத்தனை வினாடி கழிகிறது என்று குறித்துக்கொண்டார்கள். தூரத்தை அந்த வினாடிகளால் வகுத்தால் ஒலியின் வேகம் கிடைத்துவிடும். பரங்கிமலையின் ஓசை வந்து சேர ஏறத்தாழ 26 வினாடிகள் ஆயின.

ஒரு நாள் எண்ணிப் பார்த்து முடித்துவிடவில்லை அவர். 1820, 1821ஆம் ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான முறை இவ்வாறு அளந்து, ஒவ்வொரு முறையும் வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் நிலை ஆகியவற்றையும் உடன் எழுதிவைத்தார். அம்முடிவுகள் 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின. குளிர்ந்த மாதங்களில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,100 அடி சென்றது. ஜூலை, ஆகஸ்டில் சுமார் 1,160 அடி சென்றது. காற்று சூடேறினால் ஒலி விரைகிறது. வீசும் திசையும் அதை விரைவுபடுத்தும் அல்லது தாமதிக்கச் செய்யும்.

இந்த அளவீட்டில் ஒளியும் ஒலியும் கூட்டாளிகள். வெளிச்சம் கணக்கைத் தொடங்கிவைக்கிறது. ஓசை அதை முடித்துவைக்கிறது. ஒளி வந்து சேரும் நேரத்தைக் கோல்டிங்காம் கணக்கில் கொள்ளவில்லை. கொள்ளத் தேவையும் இருக்கவில்லை. பரங்கிமலையிலிருந்து நுங்கம்பாக்கத்திற்கு ஒளி வர, ஒரு வினாடியை 33,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஆகும். இதே முறையை நம் பிள்ளைகளும் கையாளலாம். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், இடி எத்தனை கி.மீ. தொலைவில் உள்ளது என்பது தெரியும். முப்பதை எண்ணி முடிக்குமுன் இடி கேட்டால், மொட்டைமாடியிலும் திடலிலும் இருப்போர் உடனே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

ஒளி செல்வதற்கும் நேரம் தேவை என்பதே ஒரு காலத்தில் பெரும் விவாதமாக இருந்தது. ஒளி பயணம் செய்வதே இல்லை, அது ஒரேயடியாகப் பரவி நிற்கும் நிலை என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், தமது கிதாபுல் மனாஸிர் நூலில் ஒளியின் நகர்வுக்கும் காலம் வேண்டும் என்று வாதிட்டார். அதனை அளந்து காட்டும் கருவி அவரிடம் இல்லை. 1676இல் டென்மார்க்கைச் சேர்ந்த ரோமர், வியாழன் கோளின் துணைக்கோள் ஒன்று மறையும் நேரங்கள் முன்பின்னாக மாறுவதைக் கொண்டு, ஒளிக்கும் ஒரு வேகம் உண்டென்று காட்டினார். இன்று அவ்வேகம் வினாடிக்கு 29,97,92,458 மீட்டர், அதாவது ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. என்று நிர்ணயிக்கப்பட்டுள்ளது.

இனி முதற்கேள்வி. ஒலி என்பது காற்றிலோ நீரிலோ ஏற்படும் அதிர்வு. எவ்வளவு பிரகாசமான விளக்கின் அருகில் நின்று கூவினாலும் அந்த அதிர்வின் வேகம் கூடாது. ஆனால் அந்த அதிர்வு சுமக்கும் செய்தியை ஒளியின் மீது ஏற்றலாம். 1880இல் கிரஹாம் பெல் ஓர் ஒளிக்கற்றையின் மீது மனிதக் குரலை ஏற்றி அனுப்பிக் காட்டினார். இன்று துபாயில் உள்ள தகப்பனார் அலைபேசியில் ஸலாம் சொன்னால், அக்குரல் மின்குறியாகவும் பின் ஒளியாகவும் மாறிக் கண்ணாடி இழைகளில் விரைந்து, இங்கே மீண்டும் ஓசையாகிறது. சுமார் 3,000 கி.மீ. தூரத்தைக் கடக்க இழையில் செல்லும் ஒளிக்கு வினாடியின் அறுபதில் ஒரு பங்களவே போதும். அவருடைய குரலோசையே காற்றின் வழியே வந்துசேர முடிந்தால் இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒலி விரையவில்லை, ஒலியின் செய்தி வாகனம் மாறியிருக்கிறது.

இரண்டாவது கேள்விக்குக் கவனமான விடை தேவை. வெற்றிடத்தில் ஒளியின் வேகமே எல்லை என்பது 1905இல் ஐன்ஸ்டைன் முன்வைத்த கொள்கையின் முடிவு. எடையுள்ள பொருளை ஒளிவேகத்தை நோக்கி விரட்ட விரட்ட, அதற்குத் தேவைப்படும் ஆற்றல் வரம்பின்றிப் பெருகுகிறது. ஆனால் நீருக்குள் ஒளி வினாடிக்கு 2 லட்சத்து 25 ஆயிரம் கி.மீ. மட்டுமே செல்லும். அங்கே விரைவான எலெக்ட்ரான்கள் அதனை முந்துவதுண்டு. ஒலியை முந்தும் விமானம் பெரும் ஓசையை எழுப்புவதுபோல, அவை நீல ஒளியை எழுப்புகின்றன. இதற்குச் செரென்கோவ் ஒளி என்று பெயர். இதனால் வெற்றிடத்தின் எல்லை மீறப்படவில்லை.

எல்லைக்கு அப்பாலும் சிந்தித்தவர்கள் உண்டு. கேரளத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கிய ஈ.சி.ஜி. சுதர்சன் அவர்களில் ஒருவர். பிறக்கும்போதே ஒளியினும் விரைவாகச் செல்லும் துகள்கள் இருக்கக்கூடுமா என்று 1962இல் இரு அறிஞர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து எழுதினார். அத்தகைய துகளுக்குப் பின்னர் டாக்கியான் என்ற பெயர் வழங்கலாயிற்று. அத்துகள் எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

2011 செப்டம்பரில் ஐரோப்பாவிலிருந்து ஒரு செய்தி உலகை உலுக்கியது. ஜெனீவாவிலிருந்து 730 கி.மீ. தொலைவில் இத்தாலியில் உள்ள ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்பட்ட நியூட்ரினோ துகள்கள், ஒளி வந்திருக்கவேண்டிய நேரத்திற்குச் சுமார் 60 நானோ வினாடி முன்னதாக வந்தன என்று ஓபெரா குழுவினர் அறிவித்தனர். தங்கள் அளவீட்டைச் சரிபார்க்குமாறு பிற அறிஞர்களை அவர்களே கேட்டுக்கொண்டனர். சில மாதங்களில் காரணம் புலப்பட்டது. ஒரு கண்ணாடி இழை வடம் சரியாகப் பொருத்தப்படவில்லை. 2012இல் முடிவு திருத்தப்பட்டது. நியூட்ரினோக்கள் ஒளியை முந்தவில்லை.

அன்பிற்குரிய பெற்றோர்களே! இவ்வரலாற்றை இங்கே எடுத்துரைக்கக் காரணம் உண்டு. ஒளியை முந்தும் பொருள் கிடைத்துவிட்டது, ஆகவே மிஃராஜ் நிரூபணமாகிவிட்டது என்னும் வகையான செய்திகளும், திருமறையின் வசனங்களிலிருந்து ஒளிவேகத்தைக் கடைசி இலக்கம்வரை கணக்கிட்டுவிட்டதாகக் கூறும் செய்திகளும் நம் பிள்ளைகளின் அலைபேசிக்கு வருகின்றன. இத்தகைய கணக்குகள் பெரும்பாலும் வரவேண்டிய விடையை முன்னரே கையில் வைத்துக்கொண்டு போடப்படுபவை. அவற்றின்மீது ஒரு பிள்ளை தன் ஈமானைச் சாய்த்துவைத்தால், நாளை ஒரு வடம் சரியாகப் பொருத்தப்பட்டதும் அந்த ஈமான் ஆட்டம் காணும்.

மிஃராஜை நாம் நம்புவது, அதை அறிவித்தவர் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் என்பதனால். புராக் என்ற பெயரும் மின்னலைக் குறிக்கும் பர்க் என்ற சொல்லும் ஒரே வேரைச் சார்ந்தவை. ஆயினும் அப்பயணம் வேகமானியில் அடங்கும் பயணமன்று. எல்லைகளை வகுத்தவனே தன் அடியாரை அழைத்துச் சென்றான். அதற்கு நியூட்ரினோவின் சாட்சியம் தேவையில்லை.

செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. நல்லெண்ணத்தோடு மக்களை நன்மையின்பால் ஈர்க்கப் புனையப்பட்ட செய்தியாயினும், அது பொய்யென்று தெரிந்தால் நம் முஹத்திஸ்கள் அதை ஹதீஸாக ஏற்க மறுத்தார்கள். மார்க்கத்திற்குப் பொய்யின் துணை வேண்டாம் என்பதே அவர்களின் உறுதி. தாலமியின் வானியலில் தமக்கெழுந்த ஐயங்களைத் தனி நூலாகவே எழுதிய இப்னுல் ஹைதமிடமும், ஒவ்வொரு பீரங்கி ஓசைக்கும் வெப்பமானியைப் பார்த்தெழுதிய கோல்டிங்காமிடமும் அதே பொறுமையைக் காண்கிறோம். அடுத்த முறை இத்தகைய செய்தி வீட்டுக் குழுவில் வரும்போது, அதைப் பிறருக்கு அனுப்புமுன் பிள்ளையை அருகில் அமர்த்தி, இதைச் சொன்னவர் யார், எப்படி அளந்தார், வேறு எவர் சரிபார்த்தார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம். அந்தப் பழக்கம் அவர்களுடைய கல்விக்கும் காவல், தீனுக்கும் காவல்.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.