முதுமையில் மேடையேறிய பேராசிரியர்

கி.பி. 337. ஈஸ்டர் முடிந்த சில வாரங்களில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நோயில் படுத்தார். இனி பிழைப்பது அரிது என்று தெரிந்ததும் நிக்கோமேதியா நகரின் புறத்தே ஆயர்களை வரவழைத்துத் தனக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். இயேசு முழுக்குப் பெற்ற யோர்தான் நதியிலேயே தாமும் பெற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அது நிறைவேறவில்லை. முழுக்குக்குப் பின் வெள்ளை உடை உடுத்தினார். பேரரசருக்குரிய செந்நீல அங்கியை அதன்பிறகு தொடவே இல்லை. மே 22, பெந்தெகொஸ்தே நாளன்று காலமானார்.

மில்வியன் பாலத்துப் போரில் கிறிஸ்துவின் பெயரால் அவர் வென்றது 312இல். நைசியாவில் ஆயர்களை ஒன்றுகூட்டிப் பெருஞ்சங்கம் நடத்தியது 325இல். அப்படிப்பட்டவர், ஒரு சாதாரண விசுவாசி முதலில் செய்யும் காரியத்தைச் சாகும்வரை ஏன் தள்ளிப்போட்டார்?

அந்த நூற்றாண்டில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். அதுவரை செய்த பாவங்கள் அத்தனையையும் ஞானஸ்நானம் கழுவிவிடும் என்று திருச்சபை போதித்தது. அதற்குப் பிறகு கொலை, விபசாரம், மறுதலிப்பு போன்ற பெரும்பாவத்தில் விழுந்தவர் மீள்வதற்கு ஒரு வழி இருந்தது: சபையார் முன்னிலையில் ஆண்டுக்கணக்கில் நீளும் கடுமையான தவம். அதுவும் வாழ்நாளில் ஒரே முறைதான். படை நடத்துபவர்களும் மரண தண்டனை விதிக்கும் அதிகாரிகளும் இதைக் கேட்டு என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கான்ஸ்டன்டைனே 326இல் தம் மூத்த மகன் கிறிஸ்பஸின் உயிரைப் பறிக்க ஆணையிட்டவர்.

சாதாரணக் குடும்பங்களிலும் இதே கணக்கு ஓடியது. வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊரில் அகஸ்டின் என்ற சிறுவனுக்குத் திடீரென்று நோய் முற்றியது. தாய் மோனிக்கா அவசரமாக ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு செய்தார். பையன் பிழைத்துக்கொண்டதும் ஏற்பாடு நிறுத்தப்பட்டது. வளரும் பிள்ளை எப்படியும் பாவம் செய்வான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் காரணம். அவன் தந்தை பத்ரீசியுஸ் ஞானஸ்நானம் பெற்றதும் தம் கடைசிக் காலத்தில்தான்.

சபைத் தலைவர்களுக்கு இந்தப் போக்கு பிடிக்கவில்லை. நோய்ப்படுக்கையில் முழுக்குப் பெற்றவரைக் குருவாக்கக் கூடாது என்று நியோசெசரேயா சங்கம் விதித்தது. அவருடைய விசுவாசம் மனம் ஒப்பி வந்ததல்ல, நெருக்கடியால் வந்தது என்பது அவர்கள் வாதம். 381இல் கான்ஸ்டான்டினோப்பிளில் பிரசங்கித்த நசியான்சு கிரகோரி, தாமதிப்பவர்களின் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். அவற்றில் ஒன்று வேதாகமத்திலிருந்தே வந்தது. மாலை ஐந்து மணிக்குத் திராட்சைத் தோட்டத்தில் நுழைந்தவர்களுக்கும், காலையிலிருந்து வெயிலில் உழைத்தவர்களுக்கும் ஒரே கூலி கொடுத்த எஜமானைப் பற்றி இயேசு உவமை சொல்லியிருக்கிறாரே! கிரகோரியின் பதில் நேரடியானது: அந்த வேலையாட்கள் கூப்பிட்டவுடன் வந்தவர்கள், அவர்களுக்கு அழைப்பு வந்ததே மாலையில்தான்.

கிரகோரி காட்டிய இந்த வேறுபாட்டைக் கடந்து போய்விட முடியாது. தாமதமாக வருவது வேறு, தாமதத்தைத் திட்டமிடுவது வேறு. சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்வன், அன்றே பரதீசில் இருப்பாய் என்ற வாக்கைப் பெற்றான். அவன் கையில் நற்செயல் ஏதும் இல்லை. செய்வதற்கு நேரமும் இல்லை. திட்டம் போட்டு அந்தக் கடைசி மணிக்குக் காத்திருந்தவனும் அல்லன் அவன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற ஒரு மனிதரைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். பெயர் மாரியுஸ் விக்டோரினுஸ். ஆப்பிரிக்காவில் பிறந்து, ரோம் நகரில் பேச்சுக்கலை கற்பித்தவர். செனட்டர்கள் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். பிளேட்டோ மரபினரின் கிரேக்க நூல்களை லத்தீனில் பெயர்த்தவர். 354இல் டிராஜன் சதுக்கத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஓர் ஆசிரியருக்கு ரோம் தரக்கூடிய மரியாதையில் இதற்கு மேல் எதுவும் கிடையாது. பழைய தெய்வங்களின் வழிபாட்டை நெடுங்காலம் தம் நாவன்மையால் காத்து வந்தவரும் அவரே.

கிழப்பருவத்தில் அவர் வேதாகமத்தைக் கையில் எடுத்தார். கிறிஸ்தவ நூல்களை ஒன்றுவிடாமல் தேடிப் படித்தார். பிறகு சிம்பிளிசியானுஸ் என்ற நண்பரிடம், தாம் ஏற்கெனவே கிறிஸ்தவர்தான் என்று தனிமையில் சொன்னார். கோயிலுக்குள் பார்க்கும்வரை நம்பமாட்டேன் என்றார் நண்பர். அப்படியானால் சுவர்கள்தாம் ஒருவனைக் கிறிஸ்தவனாக்குகின்றனவா என்று விக்டோரினுஸ் சிரித்துக்கொண்டே கேட்டார். இந்தப் பேச்சு இருவருக்கும் இடையே பலமுறை நடந்தது. ரோமின் மேட்டுக்குடி நண்பர்களைப் பகைத்துக்கொள்ளும் துணிவு அவருக்கு இன்னும் வரவில்லை.

பிறகு ஒருநாள், கோயிலுக்குப் போவோம், நான் கிறிஸ்தவனாக வேண்டும் என்று அவரே நண்பரை அழைத்தார். ரோம் சபையில் ஞானஸ்நானம் பெறுபவர் உயர்ந்த இடத்தில் நின்று, மனப்பாடம் செய்த விசுவாச அறிக்கையை எல்லார் முன்பும் சொல்ல வேண்டியிருந்தது. கூச்சப்படுபவர்கள் தனியாகச் சொல்லவும் இடம் இருந்தது. குருமார் அந்தச் சலுகையை அவருக்குக் கொடுக்க முன்வந்தார்கள். அவர் மறுத்தார். இரட்சிப்பைத் தராத பேச்சுக்கலையை இத்தனை காலம் பகிரங்கமாகக் கற்பித்தவன், இதை மட்டும் ஒளித்துச் சொல்வதா? அவர் மேடையேறியதும் கூட்டம் முழுவதும் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. அவரை அறியாதவர் அங்கே யார்?

362இல் அடி விழுந்தது. பேரரசர் ஜூலியன், கிறிஸ்தவர்கள் இலக்கியமும் பேச்சுக்கலையும் கற்பிப்பதற்குத் தடை விதித்தார். புகழ்பெற்ற ஆசிரியர் சற்றே வளைந்து கொடுத்திருந்தால் பதவி தங்கியிருக்கும். விக்டோரினுஸ் பள்ளியை விட்டார்.

அதன் பிறகுதான் அவர் பவுலின் நிருபங்களுக்கு உரை எழுதினார் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கலாத்தியர், எபேசியர், பிலிப்பியர் ஆகியவற்றுக்கு அவர் எழுதிய உரைகள் கிடைத்திருக்கின்றன. பவுலுக்கு லத்தீனில் உரை கண்டவர்களில் நமக்குத் தெரிந்த முதல்வர் இவரே. மனிதன் தன் செயல்களின் பலத்தால் நீதிமான் ஆவதில்லை, கிறிஸ்துவின் மேல் வைக்கும் விசுவாசத்தால் மட்டுமே ஆகிறான் என்பதை அந்த உரைகள் அழுத்திச் சொல்கின்றன. மார்ட்டின் லூத்தர் இதே கருத்துக்காக ஐரோப்பாவை உலுக்குவதற்கு ஏறத்தாழ 1,150 ஆண்டுகள் முந்திய குரல் இது. நற்செயல் வேண்டாம் என்று விக்டோரினுஸ் சொல்லவில்லை. அது விசுவாசியின் கடமை, இரட்சிப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல என்பது அவர் நிலை.

மனத்துக்குள் இருக்கும் விசுவாசம் போதும் என்று முதலில் வாதாடியவரும் இவர்தான்; சுவர்களுக்குள் நடந்துபோய் எல்லார் காதிலும் விழ அறிக்கை செய்தவரும் இவர்தான்; பிறகு விசுவாசம் மட்டுமே என்று எழுதியவரும் இவர்தான். அவர் கையில் அந்தச் சொல் சோம்பேறியின் சாக்காக ஒலிக்காததற்குக் காரணம், அதை எழுதும் முன்பே அதற்காகத் தம் நாற்காலியை இழந்துவிட்டார்.

386இல் மிலான் நகரில், இப்போது முதியவராகிவிட்ட சிம்பிளிசியானுஸ் இந்தக் கதையை 31 வயதுப் பேச்சுக்கலைப் பேராசிரியர் ஒருவருக்குச் சொன்னார். நோய் தீர்ந்ததும் ஞானஸ்நானம் ஒத்திவைக்கப்பட்ட அந்தத் தகாஸ்தே சிறுவன்தான் அவர். விக்டோரினுஸ் பெயர்த்த நூல்களைத் தாம் படித்திருப்பதாக அகஸ்டினே பேச்சில் குறிப்பிட்டார். அதனால்தான் கதை அந்தப் பக்கம் திரும்பியது. கேட்டு முடித்ததும் விக்டோரினுஸைப் போலவே தாமும் செய்ய வேண்டும் என்று அகஸ்டினின் மனம் எரிந்தது. ஆனாலும் உடனே எழுந்து போக முடியவில்லை. பழைய பழக்கம் பிடித்து இழுத்தது. அந்த ஆண்டு திராட்சை அறுவடை விடுமுறை முடிந்ததும் பதவி விலகினார். 387 ஈஸ்டர் திருவிழிப்பு இரவில் ஆயர் அம்புரோஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கூடவே முழுக்குப் பெற்றவன், அவருடைய பதின்பருவ மகன் அதியோதாத்துஸ்.

(தொடரும்)