ஒலியும் குறிப்பும்: பழைய கணினிகளில் செய்யப்பட்ட இசை எவ்வாறு பிழைத்தது?

சற்றே நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

புணேயில் என் வீட்டிற்கு அருகில் ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர் ஒருவர் வசிக்கிறார். சென்ற மாதம் அவர் என்னை அழைத்து ஒரு காலணிப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே 23 பிளாப்பிகள். 1990களின் தொடக்கத்தில் திருமணக் காணொளிகளுக்குத் தலைப்பெழுத்து அமைப்பதற்காக அவர் ஓர் அமிகா கணினியை வாங்கியிருந்தார். பின்னர் இசைக்கோப்பிற்காக ஓர் அட்டாரி கணினியையும் வாங்கினார். இரண்டும் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அவருடைய மறைந்த தமையனார் சாரங்கி வாசிப்பவர். அவர் வாசித்த சில நொடிகளைக் கணினியில் பதிந்து, அதைக்கொண்டு இருவரும் சேர்ந்து ஒரு மெட்டு அமைத்திருந்தனர். அது இந்தப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். மீண்டும் ஒரு முறை கேட்க முடியுமா என்பதே அவர் என்னிடம் வைத்த கோரிக்கை.

அந்தத் தேடலின்போது எனக்குள் எழுந்த கேள்வியே இப்பதிவின் பொருள். கணினியில் செய்யப்பட்ட இசையில் எது பிழைக்கிறது, எது அழிகிறது, ஏன்?

விடை தேட 1951ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு, ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு நகரங்களில் கணினிகள் பாடின. முதலாவது சிட்னி. அங்கு ‘சிஸ்ராக்’ என்ற கணினியில் ஜெஃப் ஹில் என்பவர் நிரல் எழுதி, மெட்டுகளை ஒலிக்கச் செய்தார். ஆனால் அந்த நிகழ்வை ஒருவரும் ஒலிப்பதிவு செய்யவில்லை. இரண்டாவது மான்செஸ்டர். அங்கு ஃபெராண்டி மார்க் 1 கணினியின் ஒலிபெருக்கியைக் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்ற பள்ளி ஆசிரியர் இசைக்கப் பழக்கினார். அக்கணினிக்கான கையேட்டை எழுதியவர் ஆலன் டூரிங். அவ்வாண்டின் இறுதியில் பிபிசி அங்கு சென்று மூன்று மெட்டுகளை இசைத்தட்டில் பதிவு செய்தது.

ஆக, மான்செஸ்டரில் பிழைத்தது ஒலி. சிட்னியில் பிழைத்தவை துளையிட்ட காகித நாடாக்கள். அதாவது ஒலியை உண்டாக்குவதற்கான குறிப்புகள். இரண்டும் தனித்தனியே குறையுடையவை. மான்செஸ்டர் இசைத்தட்டில் வேகம் பிசகியிருந்தது. ஜேக் கோப்லாண்ட், ஜேசன் லாங் ஆகிய இருவரும் 2016இல் அதைச் சரிசெய்தனர். அந்தக் கணினியால் எந்தெந்த அதிர்வெண்களை மட்டுமே எழுப்ப முடியும் என்று அவர்கள் கணக்கிட்டனர். பதிவிலோ அந்தக் கணினியால் எழுப்பவே முடியாத சுரங்கள் ஒலித்தன. அவற்றைத் தடயமாகக் கொண்டு சரியான வேகத்தை மீட்டனர். சிட்னியின் இசையை மீட்டவர் பால் டோர்ன்புஷ். அவர் பழைய காகித நாடாக்களைப் படித்து, அந்த இயந்திரத்தின் மின்துடிப்புகள் எவ்வடிவில் இருந்திருக்கும் என்பதையும் ஆராய்ந்து ஒலியை மறுபடி உருவாக்கினார். ஒலி மட்டும் இருந்தால் இயந்திரத்தைப் பற்றிய அறிவு தேவை. குறிப்பு மட்டும் இருந்தாலும் இயந்திரத்தைப் பற்றிய அறிவு தேவை. இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் நமக்குத் தரும் முதல் பாடம் இதுதான்.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1969இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைஞரின் உதவியுடன் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. மூக் நிறுவனத்தின் சிந்தசைசர் ஒன்று அங்கு நிறுவப்பட்டது. கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கு செய்த சோதனைகள் நாடாச் சுருள்களில் பதிவாகி, பின்னர் பல பத்தாண்டுகள் பேசப்படாமலேயே கிடந்தன. பால் பர்கஸ் என்ற ஆய்வாளரின் முயற்சியால் அவை மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தன. 2023இல் தொகுப்பாகவும் வெளியாயின. இங்கும் பிழைத்தது ஒலியே. கம்பிகளை எங்கெங்கு இணைத்து, எந்தக் குமிழை எவ்வளவு திருப்பி அவ்வொலிகளைப் பெற்றார்கள் என்பதை நாடாச் சுருள் சொல்லாது.

1980களில் கணினி வீட்டிற்குள் வந்தது. 1982இல் வெளியான கமடோர் 64 கணினியில் ‘சிட்’ என்ற ஒலிச்சில்லு இருந்தது. பாப் யானஸ் வடிவமைத்த அச்சில்லில் ஒரே நேரத்தில் மூன்று குரல்கள் மட்டுமே ஒலிக்க முடியும். மூன்றும் பாட்டுக்கும் தாளத்திற்கும் செலவாகிவிட்டால் சேர்ந்திசைச் சுரங்களுக்கு இடமேது? ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே போன்றோர் ஒரு வழி கண்டனர். ஒரே குரலில் மூன்று சுரங்களை வினாடிக்கு 50 முறை என்ற வேகத்தில் மாற்றி மாற்றி ஒலித்தால், காது அவற்றைச் சேர்ந்து ஒலிப்பதாகவே ஏற்றுக்கொள்ளும். இன்று அந்த மினுமினுக்கும் ஓசையைக் கேட்பவர்கள் அதை ஒரு பாணி என்பார்கள். அன்று அது பற்றாக்குறை கற்பித்த உத்தி.

இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது வேறொரு கணினி. 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தின் கீழ் பிபிசி மைக்ரோ கணினிகள் பள்ளிகளில் வைக்கப்பட்டன. அதன் பேசிக் மொழியில் ‘சவுண்ட்’ என்றொரு கட்டளை இருந்தது. அதில் சுரத்தானத்தைக் குறிக்கும் எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டினால் ஒலி கால் அரைச்சுரம் உயரும். அதாவது ஒரு ஸ்தாயி 48 படிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பியானோவின் 12 கட்டைகளுக்குள் அடங்காத சுருதி வேறுபாடுகளை ஓரளவேனும் தொட்டுப் பார்க்க அது போதுமானது. இச்சிறு வசதியை இந்திய இசைக்குப் பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பு ஒரு பள்ளி மாணவனுக்குக்கூட அன்று இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

தொழில்முறை இசைக்கூடங்களை மாற்றியதோ ‘மிடி’ என்ற பொது ஒழுங்கு. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு கருவிகள் ஒரே கம்பியால் இணைந்து ஒலித்தன. டேவ் ஸ்மித், இகுட்டாரோ ககெஹாஷி ஆகியோரின் உழைப்பு அது. 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில் மிடி இணைப்புத் துளைகள் உடன்பிறந்தவை போலவே அமைந்திருந்தன. கியூபேஸ், கிரியேட்டர், நொட்டேட்டர் முதலிய மென்பொருள்கள் அதில்தான் வளர்ந்தன. தாளம் பிசகாத அதன் உறுதிக்காகவே பலர் அதைக் கைவிட மறுத்தனர். 1998இல் ஃபேட்பாய் ஸ்லிம் தம் புகழ்பெற்ற இசைத்தொகுப்பை அட்டாரியிலும் கிரியேட்டர் மென்பொருளிலும்தான் செய்தார்.

ஆனால் மிடி ஒலியைச் சேமிப்பதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தத்துடன், எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே அது குறித்துவைக்கிறது. அது சிட்னியின் காகித நாடாவுக்கு ஒப்பானது. எதிரில் அதே சிந்தசைசர் அதே அமைப்புகளுடன் இல்லையேல் இசையின் எலும்புக்கூடு மட்டுமே மிஞ்சும்.

இங்குதான் அமிகாவின் கதை வேறு திசையில் செல்கிறது. அமிகாவின் ‘பாலா’ சில்லு நான்கு தடங்களில் பதிவொலிகளை ஒலிக்க வல்லது. 1987இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். அதன் திரையில் நான்கு பத்திகள். சுரங்கள் மேலிருந்து கீழாக ஓடும். ஒவ்வொரு வரியிலும் சுரம், கருவியின் எண், செய்ய வேண்டிய மாற்றம் ஆகிய மூன்றும் இருக்கும். ஒரு பக்கத்திற்கு 64 வரிகள்.

64 என்ற எண்ணைக் கண்டதும் நம்மவர்க்கு வேறொன்று தோன்றும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களுக்கு எட்டெட்டு வரிகளாகப் பிரித்தால் ஓர் ஆவர்த்தனம் ஒரு பக்கத்தில் கச்சிதமாக அமரும். இந்துஸ்தானியின் தீன்தாளுக்குப் பதினாறு மாத்திரைகள். மாத்திரைக்கு நான்கு வரிகள். மிச்ர சாபு போன்றவற்றிற்குப் பக்கத்தை இடையிலேயே முறித்து அடுத்ததற்குத் தாவும் கட்டளை ஒன்றும் உண்டு. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லவும், சுரத்தை அசைக்கவும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. கமகத்தை எண்களில் எழுத முனைபவர்க்கு இவை எளிய தொடக்கம்.

இதைவிட முக்கியமானது, அது சேமித்துவைத்த கோப்பு. ‘மாட்’ எனப்படும் அந்தக் கோப்பில் குறிப்பும் இருக்கும். அக்குறிப்புக்குத் தேவையான பதிவொலிகளும் உடன் இருக்கும். குறுவட்டின் தரத்தில் மூன்று நிமிட இசைக்கு ஏறத்தாழ 32 மெகாபைட் வேண்டும். அமிகாவின் பிளாப்பியோ 880 கிலோபைட் கொண்டது. அந்த இசைக்கு 36 பிளாப்பிகள் தேவைப்படும். அதே நீளமுள்ள மாட் கோப்புகள் பல ஒரே பிளாப்பியில் அடங்கின. ஒலியும் குறிப்பும் பிரியாமல் ஒரே கோப்பில் பயணம் செய்தன என்பதே அதன் சிறப்பு.

இதில் நெருடலான உண்மை ஒன்றும் இருக்கிறது. ஓபார்ஸ்கியின் மென்பொருள் வணிகத்தில் பெரிதாக வெல்லவில்லை. ஆர்வலர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, மாற்றி, நாய்ஸ்டிராக்கர், புரோடிராக்கர் முதலிய வழித்தோன்றல்களை உருவாக்கினர். அவர் அனுமதியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சட்டப்படி பார்த்தால் அது மீறல். ஆனால் அந்த மீறலால்தான் கோப்பின் அமைப்பு ஊரறிந்த ஒன்றாயிற்று. பின்வந்த ஸ்கிரீம் டிராக்கர், ஃபாஸ்ட்டிராக்கர், இம்பல்ஸ் டிராக்கர் அனைத்தும் அதே வழியில் நடந்தன. இன்றைய ஓபன்எம்பிடி போன்ற கட்டற்ற மென்பொருளிலும் 1980களின் கோப்பு தயக்கமின்றித் திறக்கிறது. மாறாக, உரிமம் பெற்ற பல இசை மென்பொருள்களின் கதி வேறு. ஆப்கோட் நிறுவனம் 1998இல் கிப்சனுக்குக் கைமாறியது. அடுத்த ஆண்டே அதன் மென்பொருள் வளர்ச்சி நின்றது. 2002இல் ஆப்பிள் எமேஜிக்கை வாங்கியபோது விண்டோஸ் கணினிகளுக்கான லாஜிக் கைவிடப்பட்டது. காசு கொடுத்து வாங்கியவரின் இசை பூட்டிய அறைக்குள் சிக்கியது. நகலெடுத்துப் பரப்பியவரின் இசை பிழைத்தது. இதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆவணக் காப்பு பற்றிச் சிந்திப்பவர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் கடக்கவும் முடியாது.

கோப்பு பிழைத்தால் எல்லாம் பிழைத்ததாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிட் சில்லின் தொடக்ககால வகையில் வடிப்பான் சில்லுக்குச் சில்லு வேறுபட்டது. ஒரே மெட்டு இரண்டு கணினிகளில் இரண்டு விதமாக ஒலித்தது. அப்படியானால் எது மூல ஒலி? இசையமைத்தவரின் மேசையில் இருந்த அந்த ஒரு கணினி எழுப்பியதுதானே? எமுலேட்டர்கள் பொதுவான ஒரு சில்லையே நமக்குத் தர முடியும். இதனால்தான் சிலர் இன்றும் பழைய இயந்திரங்களையே பழுதுபார்த்து இசை செய்கின்றனர். அதைப் பழம்பொருள் மோகம் என்று மட்டும் ஒதுக்குவது சரியன்று.

இனி அந்தக் காலணிப் பெட்டிக்கு வருகிறேன். 23 பிளாப்பிகளில் ஆறு பூசணம் பிடித்து முற்றிலும் அழிந்திருந்தன. எஞ்சிய பதினேழில் பத்து அட்டாரியுடையவை. அவற்றின் அமைப்பு டாஸ் முறையை ஒத்ததால் சாதாரணக் கணினியிலேயே படிக்க முடிந்தது. கோப்புகள் திறந்தன, சுரங்கள் திரையில் தெரிந்தன. ஆனால் அவர் பயன்படுத்திய சிந்தசைசர் விற்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எந்தச் சுரம் எந்தக் கருவிக்குரியது என்பது அவருக்கும் நினைவில்லை. மற்ற ஏழும் அமிகாவுடையவை. அவற்றைச் சாதாரண பிளாப்பி இயக்கியால் படிக்க இயலாது. வட்டின் காந்தத் துடிப்புகளை அப்படியே பதியும் சிறு கருவி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு இரவுகள் முயன்றேன். எளிதில் படிக்க முடிந்தவை இசைக்கவில்லை. படிக்கவே மறுத்த ஒன்றுதான் இசைத்தது.

ஐந்தாவது பிளாப்பியில் ஒரு மாட் கோப்பு இருந்தது. பதிவொலிகளின் பட்டியலில் நான்காவதாகத் தமையனாரின் பெயர். ஒலியின் நீளம் இரண்டு வினாடிக்கும் குறைவு. 8 பிட் தரத்தில் இரைச்சலுடன் கரகரக்கும் ஒரே ஒரு வில்லிழுப்பு. அந்த ஒற்றை இழுப்பைத்தான் உயர்த்தியும் தாழ்த்தியும் வழுக்கியும் முழு மெட்டாக்கியிருந்தனர். அவர் மூன்று முறை கேட்டார். பிறகு, மெட்டு வேண்டாம், அந்த நான்காவது ஒலியை மட்டும் தனியாக ஒலிக்க முடியுமா என்று கேட்டார். முடிந்தது. ஒலி குறிப்பிலிருந்து பிரிக்கக்கூடியதாகவும், அதனோடு சேர்ந்தே இருந்ததாகவும் அமைந்த கோப்பு என்பதால் அது முடிந்தது.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, தெரிந்த இசைக்கூடத்திலோ பழைய பிளாப்பிகள், ஒலிநாடாக்கள், வன்வட்டுகள் இருப்பின் எறிந்துவிடாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். செய்தவர் உயிருடன் இருக்கும்போதே எந்தக் கணினி, எந்த மென்பொருள், எந்தக் கருவி என்று கேட்டு ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டுவையுங்கள். இன்று இசை செய்வோர் தம் கோப்போடு ஒவ்வொரு தடத்தின் ஒலியையும் தனித்தனி வேவ் கோப்பாகச் சேமித்துவைத்தால் போதும். வருங்காலத்தில் தேடுபவருக்கு ஒலியும் குறிப்பும் ஒன்றாகக் கிடைக்கும்.