கீ மடாலயம்

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில், காசாவுக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, கூம்பு போன்ற குன்றின் தலையை மூடிக்கொண்டு நிற்கிறது திபெத்திய பௌத்தத்தின் கெலுக் பிரிவைச் சேர்ந்த கீ மடாலயம். உயரம் கடல் மட்டத்திலிருந்து 4,166 மீட்டர். 11ஆம் நூற்றாண்டில் பௌத்த ஆசான் அதீசரின் சீடர் துரோம்தோன் இதை நிறுவியதாக மரபு சொல்கிறது. இதை நம்பி வருகிறவர்கள் ஆயிரம் ஆண்டுப் பழமையான கட்டடத்தைப் பார்ப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். மடத்தின் மரபு பழையதுதான், ஆனால் சுவர்களின் கதை வேறு. 17ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் தாக்கினர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லடாக்–குல்லுப் போரில் மடம் சூறையாடப்பட்டது, 1841இல் டோக்ரா படை புகுந்தது, பிறகு தீயும் பிடித்தது. 1975 ஜனவரியில் கின்னௌர் நிலநடுக்கம் எஞ்சியதை ஆட்டியது. இடிந்தபோதெல்லாம் எடுத்துக் கட்டியதன் விளைவே, கோட்டை போல ஒழுங்கின்றி அடுக்கடுக்காக நிற்கும் இன்றைய கீ. அதன் உண்மையான வரலாற்றுச் சான்று தொடக்க ஆண்டு அல்ல, ஒழுங்கற்ற அந்த வடிவம்தான் என்பதே சரியான பார்வை.

சரிவான குன்றில் எதைக் கட்டினாலும் அடுக்கடுக்காகத்தானே வரும் என்று கேட்கலாம். அடுக்குக்குச் சரிவு காரணமாகலாம், உள்ளமைப்புக்கு அது விடையாகாது. குனிந்து நுழையும் வாசல்கள், இருண்ட குறுகலான நடைகள், செங்குத்தான படிகள் வழியே சென்றடையும் வழிபாட்டு அறைகளில் ஒன்றின் அமைப்பு மற்றொன்றில் இல்லை. ஒரே திட்டத்தில் எழுந்த கட்டடம் இப்படி இருக்காது. தாங்கா ஓவியங்களோடும் நீண்ட ஊதுகொம்புகளோடும் படைக்கலங்களும் இங்கே பாதுகாக்கப்படுகின்றன. கோட்டை போன்ற தோற்றம் வெறும் அழகுக்காக வந்ததல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

பழமையைப் பார்க்கக் கீ எதற்கு என்ற இன்னும் வலுவான மறுப்பு தாபோவிலிருந்து வருகிறது. அதே பள்ளத்தாக்கில், சமதளத்தில், 996இல் எழுந்த தாபோ மடாலயம் பழைய சுவரோவியங்களை இன்றும் காத்துவைத்திருக்கிறது. கலை வரலாற்றுக்குத் தாபோவே முதன்மையானது, அதில் ஐயமில்லை. ஆனால் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்ட ஒரு துறவியர் சமூகம் எப்படி நிலைத்தது என்பதைத் தாபோவின் ஓவியங்கள் சொல்லமாட்டா; கீயின் ஒட்டுச்சுவர்கள் சொல்கின்றன. பிக்குகள் இன்றும் இங்கே தங்கிப் பயில்கிறார்கள். 2000இல் தலாய் லாமா காலசக்கர தீட்சை அளித்ததும் இங்கேதான். ஆகவே புதுப்பித்த பகுதிகளைப் போலி என்று தள்ளுவது தவறு. அவையும் அதே வரலாற்றின் பிந்திய அடுக்குகள். கோடையில் குன்சும் கணவாய் வழியாக மணாலியிலிருந்து வருகிறவர்கள் தாபோவையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.