ஒரு சோறு போதாது

1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 24-ஆம் தேதி, அமெரிக்காவின் இன்டெல் கம்பெனியார் ஒரே நாளில் இரண்டு விதமான பிராஸஸர்களைக் கடைக்கு அனுப்பினார்கள். ஒன்று பென்டியம்-2, வேகம் 450 மெகாஹெர்ட்ஸ், மொத்த விலை 669 டாலர். மற்றொன்று செலரான் 300ஏ. வேகம் 300, விலை 149 டாலர். முன்னது பெரிய மனிதர்களுக்கு, பின்னது நம்மைப் போன்றவர்களுக்கு என்பது கம்பெனியாரின் எண்ணம். பாவம், அந்த எண்ணம் நெடுநாள் நீடிக்கவில்லை. 149 டாலர் சரக்கையே 450 வேகத்தில் ஓட்டலாம் என்ற ரகசியம் எப்படியோ வெளியே வந்துவிட்டது!

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. கச்சேரிக்குப் போகும் வாசகர்களுக்கு எளிதில் விளங்கிவிடும். மதர்போர்டு என்ற பலகை தாளம் போடுகிறது. அதன் ஒவ்வோர் அடிக்கும் பிராஸஸர் தனக்குள் நாலரை அடி போட்டுக்கொள்கிறது. தாளம் 66 என்றால் வேகம் 300. நாலரையை மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டி வைத்திருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. மெதுவான சரக்கின் தலையில் பெரிய எண்ணை அச்சிட்டு விற்ற மோசக்காரர்கள் அதற்கு முன்பே கிளம்பியிருந்தார்கள். ஆனால் பாடகரைப் பூட்டியவர்கள் தாளக்காரரைப் பூட்டவில்லை. தாளத்தை 100 ஆக்கினால் நாலரை மடங்கு 450 தானே? ஏபிட் கம்பெனியின் பிஎச்6 என்ற பலகையில் இதை விசைப்பலகையைத் தட்டியே மாற்றிக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாத சில பலகைகளில், பி21 என்ற ஒரே ஒரு இணைப்புமுனையை நாடாவால் ஒட்டி மறைத்தார்கள். நகப்பூச்சைத் தடவி மறைத்தவர்களும் உண்டு.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த முதல் செலரானில் இரண்டாம் நிலைக் 'காஷ்' நினைவகமே கிடையாது. எல்லாரும் கேலி செய்தார்கள். அந்தக் கேலிக்குப் பரிகாரமாக 300ஏ-யின் சில்லுக்குள்ளேயே 128 கிலோபைட் வைத்தார்கள். அது பிராஸஸரின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம்-2-க்கோ 512 இருந்தும், அது சில்லுக்கு வெளியே இருந்து பாதி வேகத்தில்தான் ஓடியது. ஆகவே ஒரே வேகத்தில் ஓடவிட்டபோது, ஏழை உறவினர் பல வேலைகளில் பணக்காரருக்குச் சமமாக நின்றார்.

சரி, ஓடுகிறது. ஒழுங்காக ஓடுகிறதா? திரையில் படம் வந்தது, பாட்டுக் கேட்டது என்று திருப்தியடைந்தவர்கள் ஏராளம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்பங்கரைக்குச் சரி. இங்கே அது செல்லாது. கோடிக்கணக்கான கணக்குகளில் ஒன்றே ஒன்று தவறினாலும் யந்திரம் அதைச் சொல்லாது; தவறான விடையையே கம்பீரமாகக் கொடுத்துவிட்டு மேலே போகும். என் கதையில் ஓர் எழுத்துப் பிசகினால் வாசகர்கள் மன்னித்து விடுகிறார்கள். வங்கிக் கணக்கில் ஓர் இலக்கம் பிசகினால்?

வேகத்தைக் கூட்டியும் நிலைகொள்ளாவிட்டால் மின் அழுத்தத்தைச் சற்று உயர்த்துவார்கள். அங்கேதான் வினை. வெப்பம், வேகத்தோடு நேராகவும் அழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். வேகம் ஒன்றரை மடங்காகி, அழுத்தமும் 2.0 வோல்ட்டிலிருந்து 2.2 ஆனால், வெப்பம் ஏறக்குறைய 1.8 மடங்கு!

இந்தச் சோதனைக்கு உரைகல்லாக அமைந்தது வேறொரு காரியத்துக்காகப் பிறந்த 'பிரைம்95' என்ற நிரல். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் மெர்சென் என்ற துறவி இருந்தார். அவர் பெயரால் வழங்கும் பகா எண்களைத் தேட, 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர் ஒரு பெருமுயற்சியைத் தொடங்கினார். ஒரே எண்ணைச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். நடுவில் ஓர் அடி தப்பினால் அத்தனையும் வீண். ஆகையால் யந்திரம் யோக்கியமானதா என்று பார்க்க, விடை தெரிந்த கணக்குகளையே திரும்பத் திரும்பப் போடவைக்கும் ஒரு பகுதியை நிரலில் சேர்த்தார். அதற்கு அவர் வைத்த பெயரே 'சித்திரவதைச் சோதனை'. வேகம் கூட்டியவர்கள் இரவு படுக்கும்போது இதை ஓடவிட்டு, காலையில் பல் துலக்கும் முன் வந்து பார்த்தார்கள். பரீட்சை முடிவு பார்க்கும் பையனின் நெஞ்சு அடித்துக்கொள்வது போல்தான் அவர்களுக்கும் இருந்திருக்கும்.

இவர்களைத் துடுக்குப் பிள்ளைகள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 2000-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி, போட்டிக் கம்பெனியான ஏஎம்டி 1,000 மெகாஹெர்ட்ஸை முதலில் தொட்டுவிட்டது. இரண்டே நாளில் இன்டெலும் தொட்டது. ஆனாலும் ரோஷம் அடங்கவில்லை போலும். ஜூலை 31-ஆம் தேதி 1,130 என்று பென்டியம்-3 ஒன்றை அறிவித்தது. அதை வாங்கிச் சோதித்தவர்களில் டாம் பாப்ஸ்ட், கைல் பென்னெட் ஆகியோர், யந்திரம் நிலைகொள்ளவில்லை என்று எழுதினார்கள். லினக்ஸின் மூலநிரலைத் தொகுக்கும் வேலையைக் கொடுத்தால் பாதியில் விழுந்தது. ஆகஸ்டு 28-ஆம் தேதி, அறிவித்து ஒரு மாதம்கூட முடியாத நிலையில், கம்பெனியார் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தாளத்தை மிஞ்சி ஓட்டியவர் இந்தத் தடவை யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே வேகத்தில் பென்டியம்-3 மறுபடி கடைக்கு வந்தது 2001-இல்.